எச்-4 பையன் பட்டாளத்துக்குப் பெயர் பதிய வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கும் மகனுக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசா. மகனுக்குப் போன மாதம் 18 முடிந்தது. கூடப் படிக்கிற பையன்கள் செலக்டிவ் சர்வீஸில் (தேவைப்பட்டால் பட்டாளத்துக்கு ஆளெடுக்கப் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் அரசு அமைப்பு) பெயர் பதிந்துவிட்டார்களாம். பதியாவிட்டால் ஜெயில் என்கிறார்கள். பதிந்தால் பட்டாளத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்களோ என்று தூக்கமே வரவில்லை.
– ஒரு வாசகி

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. பெயர் பதிவது வேறு, பட்டாளத்தில் சேர்வது வேறு. அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973-லேயே நின்றுவிட்டது, 1980-ல் திரும்ப வந்தது பெயர்ப் பட்டியல் மட்டும்தான். மறுபடி ஆளெடுக்க வேண்டுமானால் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) புதிதாகச் சட்டம் கொண்டுவர வேண்டும்.

இப்போதைக்கு உங்கள் மகன் பதிய வேண்டியதில்லை. 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்கள் பதிய வேண்டும் என்பது விதி. குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதிகள், ஏன், விசாவே இல்லாமல் தங்கியிருப்பவர்கள்கூட அதில் அடக்கம். எஃப்-1 (மாணவர் விசா), எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் முறையாக இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு.

ஆனால் அந்த விலக்கு விசாவுக்குத்தான், பையனுக்கு இல்லை. 21 ஆனதும் எச்-4 போய்விடும், எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும், அந்த மாற்றத்தில் ஸ்டேட்டஸ் (முறையாகத் தங்கும் உரிமை) அறுந்தால் விலக்கும் அதோடு போச்சு. 26 வயது நிறைவதற்குள் கிரீன் கார்டு வந்துவிட்டால் 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். குடியேற்றத் துறையே விவரத்தை அனுப்பிவிடும் என்று சொல்வார்கள், அப்படி ஓர் ஏற்பாடும் இருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். செலக்டிவ் சர்வீஸ் இணையதளத்தில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, பதிவு எண்ணை அச்செடுத்து வையுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் 24 வயதில் கிரீன் கார்டு வாங்கினான். புது வேலை, கல்யாணம் என்று நாள் ஓடிவிட்டது. 29-ல் குடியுரிமைக்காக என்-400 படிவத்தை நிரப்பும்போது, செலக்டிவ் சர்வீஸில் பதிந்தீர்களா என்று ஒரு கேள்வி! 26 தாண்டிவிட்டால் பதியவே முடியாது. சட்டப் புத்தகத்தில் 5 வருடச் சிறை, 2,50,000 டாலர் அபராதம் என்று இருந்தாலும் பல பத்தாண்டுகளாக அதற்காக யார் மேலும் வழக்குப் போடவில்லை, உண்மையில் கடிப்பது குடியுரிமையும் மத்திய அரசு வேலையும்தான். தெரிந்தே தவிர்க்கவில்லை என்று அவன் கைப்பட எழுதி, செலக்டிவ் சர்வீஸிடம் நிலை விளக்கக் கடிதமும் வாங்கி, அலையாய் அலைந்தான். 31 வயதுக்கு மேல் இது பொதுவாகத் தடையாக நிற்பதில்லை என்றாலும் அதுவரை காத்திருப்பது யாருக்குப் பிடிக்கும்?

கேள்வி: எஃப்-1-ல் முதுகலை படிக்கிறேன், வயது 25. எனக்கு இதில் ஏதாவது வேலை உண்டா?
– ஒரு மாணவர்

பதில்: பதிய வேண்டாம் தம்பி, ஸ்டேட்டஸை மட்டும் அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), விசா ஒட்டிய பாஸ்போர்ட் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்குக் குடியுரிமை கேட்கும்போது, 26 வரை மாணவர் விசாவில்தான் இருந்தேன் என்று காட்ட அந்தக் காகிதங்கள்தான் சாட்சி.