எத்தனால் சேர்த்ததும் வெள்ளி நானோ துகள்கள் ஏன் திரள்கின்றன?

இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நைட்ரேட்டிலிருந்து வெள்ளி நானோ துகள்கள் (மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள்) செய்கிறோம். அதே இலைச்சாறு, அதே வெள்ளி நைட்ரேட். நீரில் நன்றாக வருகிறது, பாதி எத்தனால் சேர்த்தால் துகள்கள் பெருத்து அடியில் படிகின்றன. கேள்வி இதுதான்.

முதல் காரணம் மின்காப்பு மாறிலி, அதாவது மின்சுமைகளுக்கு இடையிலான விசையைக் கரைப்பான் எவ்வளவு தணிக்கிறது என்பதன் அளவு. அறை வெப்பநிலையில் நீருக்குச் சுமார் 80, எத்தனாலுக்கு 24தான். துகளைப் போர்த்தியிருக்கும் சாற்றுப் பொருட்களான பாலிஃபீனால், கார்பாக்சிலேட் ஆகியவற்றின் எதிர்மின்சுமைதான் துகள்களை விலக்கி வைக்கிறது. மாறிலி குறைந்தால் எதிரயனிகள் (கரைசலிலுள்ள நேர்மின் அயனிகள்) துகளோடு நெருங்கி ஒட்டிக்கொள்ளும், தள்ளுவிசை தளரும். கூடவே சாற்றிலுள்ள புரதமும் பல்சர்க்கரையும் எத்தனாலில் வீழ்படிவாகிவிடும். போர்த்துவதற்கே பொருள் குறைந்துபோகிறது. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

முதலில் நீரிலேயே செய்து பாருங்கள்: 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 90 மி.லி., வடிகட்டிய சாறு 10 மி.லி., பிஎச் 8 அளவில். காரம் மிகுந்தால் பழுப்பு நிற வெள்ளி ஆக்சைடு படியும். தெளிந்த மஞ்சள்-பழுப்பு நிறமும் ஒளி உறிஞ்சல் வரைபடத்தில் 400–430 நானோமீட்டரில் குறுகிய உச்சியும் நல்ல அறிகுறி; உச்சி அகன்று சிவப்புப் பக்கம் (நீண்ட அலைநீளத்துக்கு) நகர்ந்தால் திரண்டுவிட்டது.

காய்ச்சி வடித்த நீர் கட்டாயம். குழாய் நீரின் குளோரைடு வெள்ளியைப் பிடித்து வெண்ணிறக் கலங்கலாக்கும். 'பசுமைக் கரைப்பான்' என்று புகழப்படும் கோலின் குளோரைடு–யூரியா கலவையிலும் குளோரைடு நிறைய உண்டு. கிளிசரால் பாகுத்தன்மையால் துகள் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், ஆனால் கழுவி எடுப்பது பெரும்பாடு.