வானத்தில் இருக்கிற பற்றரியின் வோல்ற்றை ரிமோட்டில் பார்ப்பது: கேள்வி பதில்

காலபோக அறுவடை முடிந்து வயல்வெளிகள் காய்ந்து கிடக்கின்றன. ரிமோட் விமானம் விடுகிற பெடியளின் கேள்விகளும் கூடிவிட்டன. அனேகமான கேள்விகள் பற்றரியைப் பற்றியவை என்பதால் இந்தமுறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மாங்குளம்): அண்ணை, என்ரை ஃபிளைஸ்கை ஐ6 ரிமோட்டில் ரிசீவர் வோல்ற் 5.0 என்று காட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் மோட்டர் நடுவானத்தில் நின்று போச்சு, விமானத்தை மட்டும் திருப்ப முடிந்தது. ரிமோட் பிழையோ?

பதில்: ரிமோட் சரிதான் தம்பி. நீங்கள் பார்த்த இலக்கம் பற்றரியினுடையது அல்ல. மூன்று செல் லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ற். மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈ.எஸ்.சி.க்குள் இருக்கிற பீ.ஈ.சி. என்ற வோல்ற் குறைப்பான் அதை 5 வோல்ற்றாகக் குறைத்து, விமானத்துக்குள் இருக்கிற ரிசீவருக்கும், விமானத்தைத் திருப்புகிற சேர்வோக்களுக்கும் கொடுக்கிறது. பற்றரி 12இல் இருந்தாலும் 10க்கு இறங்கினாலும் அந்த 5 அசையாது. பற்றரி வற்றியதும் ஈ.எஸ்.சி. மோட்டரை நிறுத்தி, மிச்சத்தைச் சேர்வோவுக்கு விட்டது. அதனால்தான் உங்களால் விமானத்தைத் திருப்ப முடிந்தது.

ரிசீவர் ஐஏ6பி என்றால் அதில் ஐ-பஸ் சென்சர் துவாரம் இருக்கும். அதே கொம்பனியின் சிவிடி01 வோல்ற் சென்சரை அதில் செருகி, அதன் மற்ற இரண்டு வயரையும் பற்றரியின் சிவப்பு, கறுப்போடு இணையுங்கோ. வெளி வோல்ற் என்று இன்னொரு இலக்கம் வரும். பார்க்க வேண்டியது அதைத்தான். மூன்று செல்லுக்கு அலாரத்தை 10.5இல் வையுங்கோ. முதல்முறை மல்டிமீற்றரால் அளந்து இரண்டும் ஒத்துப்போகுதா என்று பாருங்கோ.

கேள்வி (கிளிநொச்சி): மொத்த வோல்ற் தெரிந்தால் போதாதா? செல் செல்லாகக் காட்டுகிற சென்சருக்கு ஏன் கூடக் காசு கொடுக்க வேணும்?

பதில்: புதுப் பற்றரிக்குப் போதும். பழசுக்குப் போதாது. 11.1 என்று காட்டினால் மூன்று செல்லும் 3.7 ஆக இருக்கலாம், 3.9, 3.9, 3.3 ஆகவும் இருக்கலாம். இரண்டாவதில் ஒரு செல் செத்துக்கொண்டிருக்கிறது, மொத்தக் கணக்கு அதை மறைக்கிறது. ஃப்ரிஸ்கை கொம்பனியின் எஃப்.எல்.வி.எஸ்.எஸ். சென்சர் பற்றரியின் பலன்ஸ் வயரில் (செல்களிலிருந்து தனித்தனியாக வருகிற சின்ன வயர்கள்) செருகுவது. ஒவ்வொரு செல்லையும் தனியாக அனுப்பும். ஓப்பன்டிஎக்ஸ் மென்பொருள் உள்ள ரிமோட்டில் ஆகக் குறைந்த செல்லுக்கு மட்டும் அலாரம் வைக்கலாம். வசதியிருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்லுவேன்.

கேள்வி (வவுனியா): அண்ணா, என் ரிசீவரின் அனலொக் துவாரம் 3.3 வோல்ற் வரைதான் தாங்கும். ரெசிஸ்டர் வைத்து நானே செய்யலாமா?

பதில்: செய்யலாம் தங்கச்சி. பற்றரியின் பிளஸிலிருந்து 10 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து மைனஸுக்கு 3.3 கிலோ ஓம். இரண்டும் சேருகிற இடத்திலிருந்து ரிசீவருக்கு வயர். 12.6 வோல்ற் உள்ளே வந்தால் 3.13 வெளியே போகும். ரிமோட்டில் விகிதத்தை 4.03 என்று கொடுங்கள். ஆனால் இதே சோடியில் நாலு செல் பற்றரியைக் கொழுவிவிடாதீர்கள்: 16.8 வோல்ற்றுக்கு 4.17 வரும், துவாரம் கருகிப்போகலாம். நாலு செல்லுக்கு 10ஐ 15 கிலோ ஓமாக மாற்றினால் 3.03தான் வரும். சொல்டர் பிடித்த இடத்துக்கு ஹீட் சிறிங்க் (சூட்டில் சுருங்குகிற குழாய்) போடுங்கள். பறந்து முடிந்ததும் பற்றரியைக் கழற்றுங்கள், ரெசிஸ்டர்கள் வழியே எந்நேரமும் ஒரு மில்லி அம்பியர் அளவு ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி (முல்லைத்தீவு): மோட்டர் நிற்கும்வரை பறந்துவிட்டு, பிறகு மிதக்கவிட்டு இறக்கினால் என்ன?

பதில்: எங்கே இறங்கும் என்பதை அப்போது காற்றுத்தான் முடிவு செய்யும். என்னுடைய முதல் ஃபோம் விமானம் அப்படித்தான் போனது. வோல்ற் சென்சர் இல்லை, இன்னும் ஒரு சுற்று என்று நினைத்தேன். மோட்டர் நின்றது, காட்டோரம் தாண்டி இறங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் சிவப்பு மண்டையோட்டுப் பலகை. ஐம்பது மீற்றருக்குள் இறக்கை தெரிந்தது. நான் உள்ளே போகவில்லை. எங்கள் மண்ணில் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. விமானம் விழுந்தால் திரும்ப வாங்கலாம். பலகை நிற்கிற இடத்துக்குள் ஒரு காலும் வைக்கக்கூடாது. சின்னப் பெடியளை எடுத்துவர அனுப்பவே கூடாது.

மோட்டர் நிற்கும்வரை பறப்பது பற்றரிக்கும் கூடாது. ஒரு செல் 3 வோல்ற்றுக்குக் கீழே போனால் நிரந்தரமாகப் பழுதாகலாம். செல்லுக்கு 3.5 வந்தவுடன் இறக்கத் தொடங்குங்கோ. இறக்கி ஐந்து நிமிடம் விட்டு அளந்தால் 3.7க்கு மேல் நிற்க வேணும்.

கேள்வி (புளியங்குளம்): சோழகத்துக்கு எதிராக முழுத் திறொட்டில் கொடுத்தால் அலாரம் அடிக்குது. குறைத்தால் நிற்குது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மை. கூடிய கரண்ட் இழுக்கும்போது வோல்ற் அமிழும், விட்டால் எழும்பும். ரிமோட் அனுமதித்தால் மூன்று செக்கன் தொடர்ந்து குறைந்திருந்தால் மட்டும் அடிக்கும்படி வையுங்கோ. அதே பற்றரி போன மாதத்தைவிடக் கூட அமிழ்ந்தால் அதன் உள்தடை ஏறிவிட்டது, வயது போய்விட்டது. மத்தியான வெயிலில் வாகனத்துக்குள் விட்டுவிடுவதும், முழுச் சார்ஜில் கிழமைக்கணக்கில் வைப்பதும்தான் பெரும்பாலும் காரணம். வைப்பதென்றால் செல்லுக்கு 3.8.

கேள்வி (இரணைமடு): "ரெலிமெற்றி லொஸ்ட்" என்று ரிமோட் சொன்னால் விமானம் கையைவிட்டுப் போச்சா?

பதில்: பெரும்பாலும் இல்லை. விமானத்திலிருந்து ரிமோட்டுக்குத் திரும்பி வருகிற சமிக்ஞை (ரெலிமெற்றி) பலம் குறைந்தது, அதுதான் முதலில் அறும். குளக்கட்டுக்குப் பின்னால் தாழப் பறந்தால் ரிமோட்டின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை மறைபடும். அன்ரனாவின் நுனியை விமானத்துக்கு நேரே நீட்டுவதும் பிழை, அந்தத் திசையில்தான் வீச்சு மிகக் குறைவு. குரல் கேட்டதும் உயர்த்தித் திருப்புங்கோ. அந்நேரம் பற்றரி நிலை உங்களுக்குத் தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி (மல்லாவி): சென்சர் வாங்க இப்ப காசில்லை அண்ணை.

பதில்: பலன்ஸ் வயரில் கொழுவுகிற சின்ன பஸர் மலிவு, ஆனால் தூரத்தில் போனால் காற்றில் கேளாது. ரிமோட்டில் நேரம் வையுங்கோ, முதலில் நாலு நிமிடம். இறக்கிச் சார்ஜ் போடும்போது எவ்வளவு உள்ளே போகுது என்று சார்ஜரில் பாருங்கோ. 2200 மில்லி அம்பியர் மணி பற்றரிக்கு 1760க்கு மேல் போனால் அரை நிமிடம் குறையுங்கோ. 1300தான் போனால் அரை நிமிடம் கூட்டலாம். ஒவ்வொரு பற்றரிக்கும் இலக்கம் எழுதி, அதற்கென்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கோ.