புதுக்கோழியை எப்போது உள்ளே விடலாம்? திருவொற்றியூர் அக்காவிடம் கேட்டதும் அவர் சொன்னதும்

திருவொற்றியூரில் 19 வருடமாகப் பின்கட்டிலும், இப்போது மொட்டை மாடியிலுமாகக் கோழி வளர்க்கிறேன். இப்போது 14 பெட்டை, ஒரு சேவல். நான் டாக்டர் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவள், அவ்வளவுதான். கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை தம்பி: அக்கா, எங்கள் வீட்டில் 5 நாட்டுக்கோழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் இரண்டு வெடைக்கோழி (இளம் பெட்டை) வாங்கிவந்து சாயங்காலமே உள்ளே விட்டேன். பழசு எல்லாம் சேர்ந்து ஒன்றைக் கொத்திக் கொத்தித் தலையில் ரத்தம். என்ன செய்ய?

முதலில் அதைத் தூக்கி வெளியே வையுங்கள், இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சிவப்பைக் கண்டால் கோழி விடாது, சாதுவான கோழிகூட வந்து ஒரு கொத்து கொத்திவிட்டுப் போகும். காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவி மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். பொருக்கு காய்ந்து விழும்வரை தனியாக இருக்கட்டும்.

ஆனால் தம்பி, எனக்கு அந்த ரத்தம் பயமில்லை. சந்தைக் கோழியை அன்றைக்கே உள்ளே விட்டீர்கள் பாருங்கள், அதுதான் பயம். எங்கெங்கிருந்தோ வந்த கோழிகள் ஒரே கூண்டில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தவை. வெள்ளைக் கழிச்சல் என்கிறோமே, ராணிக்கெட், அது உள்ளே போனால் பெரும்பாலும் ஐந்தாறு நாளில் வெளியே தெரியும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அதனால் இனி உங்கள் ஏழும் ஒரே கணக்கு. மூன்று வாரத்துக்கு யாருக்கும் கோழி கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறதா, வாயைப் பிளந்து மூச்சு விடுகிறதா, கழுத்து திருகுகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். ஒரு வருடம் நானும் இப்படித்தான் பளபளவென்று இருந்த ஒரு கறுப்புப் பெட்டையை ஆசைப்பட்டு வாங்கி நேராகக் கூட்டுக்குள் விட்டேன். ஒரே வாரத்தில் 11 கோழி போய்விட்டது. அந்தக் கறுப்பி மட்டும் பிழைத்துக்கொண்டது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், அது என்ன செய்யும் பாவம்.

வியாசர்பாடி தங்கச்சி: வாங்கிவந்த புதுக்கோழியை மூன்று வாரம் தனியாக வைக்கச் சொல்கிறார்களே, எங்களுக்கு இருப்பதே ஒரு முழ இடம். எங்கே வைப்பது?

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே, இல்லை அம்மா வீட்டில். எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. இடம் கிடைக்கவே இல்லையென்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், அதில் ஒன்றும் குறைந்துபோகாது. இடத்தைவிட முக்கியம் நம் கையும் காலும். காலையில் பழைய கோழிகளுக்கு இரை வைத்து வேலையை முடித்துவிட்டு, கடைசியாகத்தான் புதுசிடம் போக வேண்டும். அதற்கென்று தனிச் செருப்பு, தனிக் கிண்ணம், திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது. செருப்பில் ஒட்டிய எச்சம் போதும் நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்க.

அந்த மூன்று வாரத்தைச் சும்மா விடாதீர்கள். பின்பக்க இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா பாருங்கள். கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அதுவும் ஒரு பூச்சிதான். ராத்திரி பத்து மணிக்கு, தெரு அடங்கினபிறகு, கூண்டுப் பக்கம் போய்க் காதை வைத்துக் கேளுங்கள். பகலில் தெரியாத சளி ராத்திரியில் கொர்கொர் என்று கேட்கும். குடல்புழு மருந்தும் தடுப்பூசியும் இந்த நாட்களில்தான் முடிக்க வேண்டும். ஊசி போட்ட மறுநாளே காப்பு வந்துவிடாது, ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், நம் பக்கத்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தூரமில்லை. சோர்ந்து நிற்கிற கோழிக்கு மட்டும் தடுப்பூசி போடாதீர்கள்.

காசிமேடு அண்ணன்: சரிம்மா, மூன்று வாரம் முடிந்தது. ராத்திரி தூங்கும்போது கம்பில் ஏற்றிவிட்டால் விடிந்ததும் பழகிக்கொள்ளும் என்கிறார்களே?

பாதிதான் உண்மை அண்ணே. கோழிக்கு முகம் தெரியும், தன் கூட்டத்தில் யார் யார் என்று நன்றாகவே தெரியும். விடிந்ததும் பக்கத்தில் புது முகத்தைப் பார்த்தால் அப்போது ஆரம்பிக்கும் சண்டை, நாம் தூங்கிக்கொண்டிருப்போம். ராத்திரி ஏற்றுவது எப்போது பலிக்கும் என்றால், ஏற்கெனவே பார்த்துப் பழகியிருந்தால்.

அதற்கு நடுவில் ஒரு வலை போடுங்கள். நான் பழைய கொசுவலைச் சட்டத்தில் கோழிக்கம்பி வலையை அடித்து வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் புதுசு, இரண்டு பக்கமும் வலையை ஒட்டியே இரைக் கிண்ணம். ஒரு வாரம் பத்து நாள் பக்கத்தில் பக்கத்தில் தின்னட்டும். முதல் நாள் வலையோடு மோதும், நாலாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்காது. அப்புறம் ஒருநாள், இருட்ட ஒரு மணி நேரம் இருக்கும்போது வலையை எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் துரத்தும், அதற்குள் அடையும் நேரம் வந்துவிடும். மறுநாள் காலை மட்டும் சீக்கிரம் எழுந்து பக்கத்தில் நிற்க வேண்டும், கடலுக்குப் போகிற வீட்டில் அது கஷ்டமில்லை.

கிண்ணம் ஒன்றே ஒன்று வைத்தால் பெரிய கோழி அதன்மேல் உட்கார்ந்துவிடும், அதனால் மூன்று நாலு இடத்தில் வையுங்கள். சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், உடைந்த நாற்காலி இருந்தால் போடுங்கள், துரத்தினால் ஒளிய ஒரு மறைவு வேண்டும். கீரைக் கட்டை உயரத்தில் தொங்கவிட்டால் எல்லாம் அதிலேயே மும்முரமாக இருக்கும். துரத்துவது, ஒரு கொத்து, இறகு ஒன்றிரண்டு பறப்பது, இதற்கெல்லாம் நாம் நடுவில் போகக்கூடாது. ரத்தம் வந்தாலோ, இரையே எடுக்கவிடாவிட்டாலோ, ஒன்றைக் கீழே அமுக்கி இரண்டு கோழி ஏறினாலோ பிரிக்க வேண்டும். காயம் பட்டதைத் தனியாக வைத்துத்தான் ஆக வேண்டும். காயமில்லை, மிரட்டல் மட்டும் என்றால், எல்லோரும் அடி வாங்குகிற கோழியைத் தூக்குவார்கள், நான் அடிக்கிற ரவுடியைத் தூக்குவேன். நாலு நாள் கூடையில் கவிழ்த்து வைத்துத் திருப்பி விட்டால் அதுவே புதுசு மாதிரி பம்மி நடக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பின்கட்டில் தண்ணீர் ஏறி, என் கோழியும் பக்கத்து வீட்டுக் கோழியும் எங்கள் மாடியில் ஒன்றாக நின்றன. பெரிய சண்டையே வரவில்லை. ஏனென்றால் மாடி அப்போது இரண்டு கூட்டத்துக்கும் புது இடம். இதிலிருந்து பிடித்துக்கொண்டதுதான், இப்போதெல்லாம் வலையை எடுக்கிற அன்று கூட்டுக்குள் இருக்கும் சாமானை இடம் மாற்றிவிடுகிறேன், கம்பு ஒரு பக்கம், முட்டைப் பெட்டி ஒரு பக்கம்.

பெரம்பூர் தம்பி: ஒரே ஒரு கடக்நாத் கருங்கோழி வாங்கிச் சேர்க்கலாமா?

ஒன்று வேண்டாம், இரண்டாக வாங்குங்கள். ஒன்றே ஒன்று என்றால் எல்லாக் கொத்தும் அதன் தலையில்தான் விழும். யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு, 1920களிலேயே நார்வேக்காரர் ஒருவர், தோர்லீஃப் ஷெல்டரப்-எப்பே, உட்கார்ந்து பார்த்து எழுதிவைத்தார். புதுசு வந்தால் அந்த வரிசை மொத்தமும் கலைந்து மறுபடி அமைய வேண்டும். அதற்குத்தான் இத்தனை ரகளை.

மணலி அண்ணி: பையனுக்காகத் தெருவில் வந்த கலர் கோழிக்குஞ்சு நாலு வாங்கினோம், இரண்டு தங்கியது. ஐந்து வாரம் ஆகிறது, பெரிய கோழியோடு விடலாமா?

கூடாது அண்ணி. தாய்க்கோழி கூட இருந்தால் அது பார்த்துக்கொள்ளும், இதுகளுக்கு யார் இருக்கிறார்கள்? உடம்பு ஏறக்குறைய பெரிய கோழி அளவுக்கு வரட்டும், இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். பையனிடம் இப்போதே சொல்லிவையுங்கள், சாயம் போட்டு வருவது பெரும்பாலும் முட்டைப் பண்ணை கழித்துவிட்ட ஆண் குஞ்சு, முட்டை கிடைக்காது, விடியற்காலையில் கூவல்தான் கிடைக்கும்.

இன்னொன்று, முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நாலு சதவீதம் இருக்கும், வளரும் குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். அதிகமாகத் தின்றால் சிறுநீரகம் கெடும். சேர்த்து வளர்க்கும்போது எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போட்டு, இடித்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். நமக்கென்ன, கிளிஞ்சலுக்கா பஞ்சம்? முட்டையிடுகிறது தேடித் தின்னும், மற்றது சீண்டாது.

தண்டையார்பேட்டை பெரியம்மா: நாங்களெல்லாம் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக் கவிழ்ப்போம், காலையில் சரியாகிவிடும். உங்களுக்குத்தான் இத்தனை சட்டம்.

நீங்கள் சொல்வதும் சரிதான் பெரியம்மா. அப்போது கூடையைத் தூக்கினால் கோழி தெரு முழுக்க ஓடும், பிடிக்காததைப் பார்த்தால் நாலு வீடு தள்ளி மேயும். இப்போது நாலடிக்கு ஆறடி கூண்டில் அடைத்துவிட்டு ஓடு என்றால் எங்கே ஓடும்?

எண்ணூர் தம்பி: புதுசு வந்ததிலிருந்து பழைய கோழி முட்டையை நிறுத்திவிட்டது.

இரண்டு மூன்று வாரம் பொறுங்கள், கலவரத்தில் நிறுத்தும், இறகு உதிர்த்தாலும் நிறுத்தும். கத்திரி வெயிலில் மட்டும் சேர்க்காதீர்கள், வாயைப் பிளந்து இரைக்கிற கோழிக்குச் சண்டை வேறு வேண்டாம்.

கொருக்குப்பேட்டை தம்பி: அக்கா, மறுபடி நான்தான். காயம் பட்டது தனியாக நன்றாகத் தின்கிறது. ஆனால் பழசில் ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கிறது.

தானாகச் சரியாகிவிடும், பார்க்கலாம் என்று இருக்காதீர்கள் தம்பி. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து விடிந்ததும் வேப்பேரிக்குக் கொண்டுபோங்கள், சந்தையில் வாங்கியது, வாங்கிய நாள் எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எச்சத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியே போய்விட்டால் கால்வாயில் எறியாதீர்கள், இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து அதையும் கொண்டுபோங்கள், அறுத்துப் பார்த்தால்தான் மற்ற ஆறுக்கும் என்ன கொடுப்பது என்று தெரியும். போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள், நான் முழித்துத்தான் இருப்பேன்.