மோட்டார் கேள்வி–பதில்: பீட்டில் காருக்கு வெளி ஆயில் கூலர் தேவையா?

கேள்வி: ஐயா, என் தந்தையார் வைத்திருந்த 1968-ஆம் ஆண்டு மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை (1500 சிசி) இப்போது நான் ஓட்டி வருகிறேன். தொழில் நிமித்தம் கம்பத்திலிருந்து குமுளிக்கு அடிக்கடி செல்ல வேண்டியிருக்கிறது. லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் ஏறி, குமுளி செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. வெளியே தனியாக ஓர் ஆயில் கூலர் (எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி) பொருத்தினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். பொருத்தலாமா? எந்த இடத்தில் பொருத்துவது?
— கம்பம் வாசகர்

பதில்: பொருத்தலாம். ஆனால் அது எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு செய்ய வேண்டிய வேலை. விளக்கு மினுக்குவது எண்ணெயின் அழுத்தம் குறைந்ததைத்தான் சொல்கிறது, சூடு ஏறியதைச் சொல்வதில்லை. ஆகவே முதலில் எண்ணெய்க்கு ஒரு வெப்பமானியும் ஓர் அழுத்தமானியும் வாங்கி மாட்டுங்கள். மலையேறி நின்றதும் வெப்பம் 120 டிகிரியைத் தாண்டியிருந்தால் எண்ணெய் நீர்த்துப்போய் அழுத்தம் விழுகிறது என்று கொள்ளலாம். 90 டிகிரியிலேயே விளக்கு மினுக்குமானால் ஆயில் பம்போ பேரிங்குகளோ தேய்ந்திருக்கின்றன, அல்லது விளக்கை எரியவைக்கும் பிரஷர் சுவிட்ச் பழுது. அதற்கு எத்தனை கூலர் வைத்தாலும் பயனில்லை.

சூடுதான் காரணம் என்று தெரிந்தால், உங்கள் மாடலில் அது எங்கே தேங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் தண்ணீரும் ரேடியேட்டரும் கிடையாது. பெல்ட்டில் ஓடும் விசிறி, தகர உறைக்குள் தள்ளும் காற்றுதான் சிலிண்டர்களையும் எண்ணெயையும் குளிர்விக்கிறது. 1968 மாடலில் கம்பெனியே பொருத்தித் தந்த ஆயில் கூலர் அந்த உறைக்குள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்கு நேர் மேலே நிற்கிறது. அதனால் அந்தச் சிலிண்டருக்குக் குறைந்த காற்றே, அதுவும் ஏற்கெனவே சூடேறிய காற்றே கிடைக்கிறது. 1971 மாடலில் கூலரை உறைக்குப் பின்னால் தனிக் கூட்டுக்குள் நகர்த்தி, விசிறியையும் அகலமாக்கி இந்தக் குறையைத் தயாரிப்பாளர்களே சரிசெய்தார்கள். அந்த அமைப்பை உங்கள் எஞ்சினிலும் மாட்ட முடியும். எண்ணெய்த் துளைகளின் அளவு வேறுபடக்கூடும் என்பதால் அதற்கேற்ற சீல்கள் தேவைப்படும். என் கருத்தில், நீங்கள் செலவு செய்வதானால் வெளிக் கூலருக்கு முன் இதற்குச் செய்வதே மேல்.

அதற்கும் முன்பாக உறையைக் கழற்றி, டார்ச் விளக்கு வெளிச்சத்தில் கூலரின் இடுக்குகளைப் பாருங்கள். கசிந்த எண்ணெயில் தூசி படிந்து, காற்று நுழைய வழியில்லாமல் களிம்பு போல இறுகியிருக்கும். நெடுநாள் நின்ற வண்டியென்றால் எலி வளைக்குள் இருப்பது போன்ற குப்பையும் கிடைக்கலாம். பிறகு, எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் சீல்களும் முழுமையாக இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு விளக்கை வைத்துவிட்டு மேலே பார்த்தால், வெளிச்சம் கசியும் ஒவ்வோர் இடுக்கும் சைலன்சர் பக்கத்துச் சூட்டுக் காற்றை விசிறி மறுபடியும் உறிஞ்சும் வழி என்று தெரிந்துகொள்ளலாம். தேவையில்லை என்று யாரோ கழற்றிப் போட்ட தகடுகளால் கெட்ட எஞ்சின்கள் ஏராளம். இக்னிஷன் டைமிங் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) முன்தள்ளி இருந்தாலும், கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும் சூடு ஏறும்.

மலைப்பாதையில் மூன்றாவது கியரில் திணறவிட்டு ஏறாதீர்கள். விசிறி எஞ்சினோடு சேர்ந்தே சுழல்வதால், இரண்டாவது கியரில் எஞ்சின் சற்று வேகமாக ஓடினால்தான் காற்றும் கூடுதலாக வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் வெப்பம் இறங்கவில்லையென்றால் வெளிக் கூலர் வையுங்கள். பம்ப் மூடியிலிருந்து எண்ணெயை வெளியே எடுத்து, ஃபில்டர், கூலர் வழியாக எஞ்சினின் பிரதான எண்ணெய்க் குழாய்க்குத் திருப்பி அனுப்புவது வழக்கமான முறை. இதில் கவனிக்க வேண்டியது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுக்கு முன்பே எண்ணெய் வெளியேறிவிடுவதால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது முழு அழுத்தமும் ஹோஸின் மீதும் ஃபில்டரின் மீதும் விழும் என்பது. சாதாரண ரப்பர் குழாயும் கிளிப்பும் இதைத் தாங்காது. ஜேசிபி, டிராக்டர்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடையில், சூடான எண்ணெய்க்கு ஏற்ற ஹோஸைக் கேட்டு, முனைகளை இயந்திரத்தில் அழுத்தி வாங்குங்கள். இந்த எஞ்சினில் இருப்பது 2.5 லிட்டர் எண்ணெய்தான். ஒரு ஹோஸ் வெடித்தால், நீங்கள் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் எஞ்சின் போய்விடும். கூலரைப் பின் மட்கார்டுக்கு உள்ளேயோ கியர்பாக்ஸுக்கு மேலேயோ, தெர்மோஸ்டாட்டில் (சூட்டுக்கேற்பத் தானாக இயங்கும் கருவி) இயங்கும் மின்விசிறியோடு பொருத்தலாம். எஞ்சின் விசிறி காற்றிழுக்கும் வாய்க்கு எதிரே மட்டும் வைக்காதீர்கள். கம்பெனி கூலரைக் கழற்றிவிட்டால் அது நின்ற திறப்பைத் தகட்டால் மூடியாக வேண்டும், இல்லையென்றால் சிலிண்டர்களுக்குப் போக வேண்டிய காற்று அவ்வழியே வீணாகும். கழற்றாமல் வைத்திருப்பதையே நான் விரும்புவேன்.

கேள்வி: என் 1600 சிசி பீட்டிலுக்கு வெளிக் கூலர் பொருத்தியிருக்கிறேன். மழைக்காலக் காலைகளில் ஆரியங்காவு வரை ஓட்டினாலும் எண்ணெயின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுவதில்லை. இது எஞ்சினுக்கு நல்லதுதானே?
— புளியரை வாசகர்

பதில்: நல்லதல்ல. எண்ணெய் 80 டிகிரியையாவது எட்டினால்தான் அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். இல்லையென்றால் அது சேறாக மாறி வால்வு மூடியிலும் எண்ணெய் ஊற்றும் மூடியிலும் வெண்மஞ்சளாகப் படியும். தடித்த எண்ணெயைத் தள்ள பம்பும் கூடுதலாக உழைக்கிறது. கூலருக்குப் போகும் வழியில், 80 டிகிரிக்கு மேல் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். அதைப் பொருத்திய பின், எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, எண்ணெய் முழுவதும் இறங்கிய பிறகு அளவுகோலைப் பார்த்துக் குறைந்ததை நிரப்பிக்கொள்ளுங்கள்.