மூன்றாம் வகுப்பு மகனை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

எட்டு வயது மகன், காலையில் சீருடையை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறான், பேசாமல் நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாமா, பின்னால் சான்றிதழுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். 2018-இல் எங்கள் வீட்டில் நடந்ததை யாரோ பார்த்து எழுதியது போல இருந்தது. இந்நேரம் மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு என்று எல்லாரிடமும் பேச்சு வாங்கியிருப்பீர்கள். ராத்திரி தூக்கம் இருக்காது. எனக்கும் இருக்கவில்லை.

நாங்கள் திண்டுக்கல். அவருக்கு நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை, நான் வீட்டிலேயே தையல். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டுக் கல்வி என்றாலே ‘அதெல்லாம் வசதி உள்ளவர்கள் செய்வது’ என்று கட்டாயம் ஒருவர் வந்து எழுதுவார். எங்களிடம் இருந்தது இரண்டு தையல் மிஷினும் அவற்றுக்கான மாதத் தவணையும்தான்.

என் மகன் மூன்றாம் வகுப்பில் ஒரு தனியார் பள்ளியில் படித்தான். டைரியில் வாரத்துக்கு மூன்று நாள் சிவப்பு மையில் வரும்: போர்டில் எழுதிப் போடுவதை எழுதி முடிப்பதில்லை, பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான், கவனம் இல்லை. வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். எத்தனை நாள் என்பது அவன் சொல்லி எனக்குத் தெரியவில்லை, அவன் கூடப் படிக்கும் பெண் சொல்லித்தான் தெரிந்தது. நானும் சும்மா இருக்கவில்லை, வீட்டில் அடித்தேன். காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து போக வேண்டிய அன்று காலையில் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்துகொண்டான். அந்த வாரமே போய் டி.சி. கேட்டோம். மீதி ஃபீஸையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கட்டினோம்.

அதன் பிறகு இரண்டு மாதம் கழித்து நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

டிசம்பரில் ஒரு நாள் வத்தலக்குண்டு போக பேருந்து நிலையத்தில் நின்றோம். கையில் இரண்டு பை. “அது வத்தலக்குண்டு பஸ்ஸான்னு பாருடா சாமி” என்றேன். அவன் பார்த்தான், பதில் சொல்லவில்லை. பஸ் திரும்பி நடைமேடைக்கு வந்து, கிட்டத்தட்ட எங்கள் காலடியில் நின்ற பிறகு, “பழனிம்மா” என்றான். அடுத்த பஸ்ஸுக்கும் அப்படித்தான். “தூரத்துல வரும்போதே படிக்க மாட்டியா?” என்றேன். “தூரத்துல எழுத்து இருக்காதுல்லம்மா” என்றான். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பைகளை அப்படியே தூக்கிக்கொண்டு கண் மருத்துவரிடம் போனோம். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் இரண்டரை. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவில்லை. பக்கத்துப் பையன் நோட்டைப் பார்க்காமல் அவன் வேறு என்ன செய்வான்? அடித்த கை எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த அந்த ஆசிரியையை மட்டும் நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? வீட்டில் ஒரே பிள்ளையை வைத்திருந்த நானே கவனிக்கவில்லையே.

கண்ணாடியைப் போட்டு மறுபடி அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஜனவரியில் வேறு ஒரு பள்ளிக்குக் கூட்டிப் போனோம். கேட்டுக்குள் நுழைந்ததும் என் புடவையைப் பிடித்த பிடியை அவன் விடவில்லை. கண் சரியாகிவிட்டது, பயம் சரியாகவில்லை. அவனைப் பிய்த்து உள்ளே தள்ளிவிட்டு வர எங்களுக்கு மனசு வரவில்லை. அது தவறு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் எப்படி நடந்தது என்றால், முதலில் நானும் ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு என்று சுவரில் எழுதி ஒட்டினேன். அது ஓடவில்லை. பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றை அச்செடுத்து வைத்துக்கொண்டு அவன் போகிற வேகத்துக்குப் போனோம். பின்னம் மட்டும் ஏறவே இல்லை. முக்கால் பெரிதா, அரைக்கால் பெரிதா என்று கேட்டால் முழிப்பான்.

ஒரு நாள் ரவிக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். சுற்றளவு 36. அதில் நாலில் ஒரு பங்கு 9, தையலுக்கும் லூஸுக்கும் மேலே சேர்க்க வேண்டும். டேப்பை அவன் கையில் கொடுத்து ஒன்பதே காலில் பிடிக்கச் சொன்னேன். இன்ச்சுக்குள் கோடுகளை எண்ணினான், எட்டு. “கால்னா எத்தனை கோடு?” என்று அவனே கேட்டு, ரெண்டு என்று அவனே சொல்லிக்கொண்டான். கட்டிலில் படுத்திருந்த என் மாமனார், “அதுல பாதி அரைக்கால், ஒரு கோடு” என்றார். அவர் அந்தக் காலத்து வாய்பாடு படித்தவர், அரைக்கால், மாகாணி எல்லாம் தலைகீழாகச் சொல்வார். பையன் டேப்பில் மூன்றாவது கோட்டில் விரலை வைத்து, “அப்ப இது காலும் அரைக்காலுமா தாத்தா?” என்றான். எட்டில் மூன்று. புத்தகத்தில் மூன்று வாரம் நான் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்தது, தரையில் விரித்த துணி மேல் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் வரை கதவு, ஜன்னல், தாத்தாவின் கைத்தடி என்று எல்லாவற்றையும் அளந்து எழுதி வைத்தான்.

உடனே குழந்தையைத் தையல் வேலைக்கு வைத்தீர்களா என்று கேட்காதீர்கள். ஒரு ஊக்குகூட அவனைக் கட்ட விட்டதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் இருக்கும் பெண் சும்மா இருக்கிறாள் என்ற எண்ணம் எங்கிருந்துதான் வருகிறதோ. காலை பத்து மணிக்குப் பையனும் நானும் புத்தகத்தோடு உட்காரும்போதுதான் வந்து, “வீட்டுலதானக்கா இருக்கீங்க, இந்தக் கையை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக் கொடுத்துருங்க” என்பார்கள். லைனிங் வைத்த ரவிக்கைக்கு 250 ரூபாய் சொன்னால் அம்பதைக் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்பார்கள். புடவைக் கடையில் போட்டிருக்கும் விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான் அவர்களும். லைனிங் துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, வெட்டி, தைத்து, ஹெம்மிங் செய்வதற்கு ஒரு பெண்ணின் அரை நாள் போகிறது. பிள்ளைக்குப் பாடம் சொல்வதும் வேலை, தைப்பதும் வேலை. இரண்டையும் யாரும் வேலையாக எண்ணவில்லை. நீங்கள் வீட்டில் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பேச்சு உங்களுக்கும் வரும், பகலில் ஒரு ஆள் முழுதாக வேண்டும் என்பதையும் வீட்டாரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக் கல்வி என்று தனியாக ஒரு ஏற்பாடும் அதில் இல்லை. அதனால் ‘சட்டப்படி அனுமதி உண்டு’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

டி.சி. வாங்கியதும் பிள்ளையின் பெயர் எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் கணக்கில் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளாவிட்டால் தேடி வருவார்கள். எங்கள் வீட்டுக்குப் பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் ஓர் ஆசிரியை வந்தார். தன்மையானவர். பையனைத் தமிழ்ப் புத்தகம் படிக்கச் சொல்லிக் கேட்டார், நன்றாகப் படிக்கிறான் என்றார், டீ குடித்தார். குனிந்து நோட்டில் எழுதியதைப் பார்த்தேன்: ‘இடைநின்றவர்’. “வேற கட்டம் இதுல இல்லைம்மா” என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பையன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அர்த்தம் கேட்டான். நான் சொல்லவில்லை.

அப்புறம் கொரோனா வந்து 2020 மார்ச்சில் எல்லாப் பள்ளிகளையும் மூடினார்கள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். மாடியில் நான்கைந்து பேர் சேர்ந்து படித்ததில் இவனுக்குப் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 2022 ஜூனில், “நானும் ஸ்கூலுக்குப் போறேம்மா” என்று அவனே கேட்டான். ஒரு தனியார் பள்ளி தேர்வு வைத்துத்தான் எடுப்போம் என்றது. பிள்ளையைச் சேர்க்கத் தேர்வு வைக்கக் கூடாது என்பதும், இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கின்றன. நாங்கள் சண்டைக்குப் போகவில்லை, அரசுப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் பார்த்தார், எமிஸ் எண்ணைத் தட்டி, ஏழாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். முதல் பெஞ்சு கேட்டேன், கொடுத்தார். இப்போதும் மெதுவாகத்தான் எழுதுகிறான், ஆனால் எழுதி முடிக்கிறான்.

திரும்பப் பள்ளிக்கே போகாவிட்டாலும் வழி இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைப் பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் தனித்தேர்வர்களாக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து பாடம், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, ஒரு பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பின்னால் எந்தப் படிப்பு, எந்த வேலை என்று மனதில் இருக்கிறதோ அங்கே இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று பதிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். டி.சி. வாங்கும்போது எமிஸ் எண்ணையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டி.சி.க்கு எழுதிக் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். நாளைக்கே மகனைத் தெருமுனையில் நிறுத்தி, எதிர்க் கடைப் பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். அப்படியே கண் மருத்துவரிடமும் காதுமூக்கு மருத்துவரிடமும் காட்டுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.