ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்

அன்புள்ள அண்ணா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். 2025 செப்டம்பரில் பாடகர் ஜுபின் கார்க் சிங்கப்பூரில் இறந்த செய்தி வந்தபோது, எங்கள் பவர் டேபிள் செக்‌ஷனில் அசாம் பையன்கள் மெஷினை நிறுத்திவிட்டு அழுதார்கள். இந்து, முஸ்லிம், அசாமி பேசுகிறவன், வங்காளம் பேசுகிறவன் எல்லாரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்டார்கள். மறுவாரமே ரூம் விஷயத்தில் பழையபடி சண்டை. பாட்டு மனிதர்களைச் சேர்க்கும் என்பதெல்லாம் அந்த நேரத்து உணர்ச்சிதானே?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

மறுவாரச் சண்டையையும் விடாமல் எழுதினீர்கள் பாருங்கள், அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தப் பையன்கள் ஒன்றாக உட்கார்ந்ததற்குப் பின்னால் அறுபது வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது.

1960இல் அசாமில் ஆட்சிமொழிப் பிரச்சினை கலவரமாக வெடித்தது. பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் வங்காளிகளின் வீடுகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானவர்கள் மேற்கு வங்கத்துக்கு ஓடினார்கள். அப்போது அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகாவும், இப்போது வங்கதேசத்தில் இருக்கும் சில்ஹெட்டில் பிறந்த வங்காளிப் பாடகர் ஹேமாங்க பிஸ்வாஸும் இரண்டு மொழிக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு கலவரம் நடந்த பகுதிகளுக்கே போனார்கள். அப்படிப் போனதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், பாட்டு அதற்கு அப்புறம்தான். ஹாராதன் என்ற வங்காளி, ரங்மன் என்ற அசாமியர், இருவர் கதையையும் ஒரே பாட்டாகக் கட்டி இரண்டு மொழியிலும் பாடினார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவன் தன் துயரத்தைத் தன் மொழியிலேயே கேட்கிறான், கூடவே பக்கத்து வீட்டுக்காரனின் துயரமும் வந்து நிற்கிறது. பாதியில் எழுந்து போகவும் முடியாது, போனால் தன் கதையின் மீதியும் போய்விடும்.

சரி, அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. 1961 மே 19 அன்று அசாமின் சில்சார் நகரில் வங்காள மொழிக்காகப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். 1983இல் அசாமின் நெல்லியில் நடந்த படுகொலை அதைவிடப் பலமடங்கு கொடுமை. பாட்டு இவற்றைத் தடுக்கவில்லை, தடுக்கும் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டேன். ஆனால் சண்டை ஓய்ந்தபின் மறுபடி பேச ஆரம்பிக்க இருவருக்கும் பொதுவாக ஏதாவது ஒன்று மிச்சம் இருக்க வேண்டுமே, ஹசாரிகாவின் பாட்டுகள் அப்படி மிஞ்சின. 2011இல் அவர் இறந்தபோது குவாஹாட்டியில் லட்சக்கணக்கில் ஜனம் திரண்டது. ஜுபினுக்கும் அப்படித்தான். எனக்குச் சாதியும் இல்லை மதமும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர், தான் செத்தால் தன்னுடைய ‘மாயாபினி’ பாட்டைப் பாடுங்கள் என்றும் சொல்லி வைத்திருந்தார். குவாஹாட்டிக்குப் பக்கத்தில் சோனாப்பூரில் அவர் உடல் எரிந்தபோது, கழுத்தில் அசாமியர்களின் கமோசா துண்டோடு நின்ற கூட்டம் அழுதுகொண்டே அதைப் பாடியது.

ஒன்று செய்து பாருங்கள். அடுத்த முறை ரூம் சண்டை வந்து பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது, டீ பிரேக்கில் ஹசாரிகாவின் ‘மானுஹே மானுஹர் பாபே’ பாட்டைப் போனில் போடுங்கள். மனிதன் மனிதனுக்காக என்று அர்த்தம். அசாமிப் பையன் கூடவே முணுமுணுப்பான். வங்காளம் பேசுகிற பையனுக்கும் அந்த மெட்டு தெரிந்திருக்கும், அவன் ‘மானுஷ் மானுஷேர் ஜோன்னோ’ என்று பாடுவான்.