பாட்டிலில் குமிழி வந்துகொண்டிருக்கும்வரை குழாயை யாரும் அடைக்கக் கூடாது

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு வயது 38; மூட்டை தூக்கும் தொழிலாளி. சில ஆண்டுகளுக்கு முன் காசநோய் வந்து, முழுமையாக மருந்து சாப்பிட்டுக் குணமானவர். சென்ற வாரம் ஒரு பக்க நெஞ்சில் திடீரென்று குத்தலும் மூச்சுத் திணறலும் வந்ததால் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நுரையீரல் சுருங்கிவிட்டது என்று சொல்லி, விலாவில் குழாய் போட்டு, அதைத் தண்ணீர் பாட்டிலோடு இணைத்திருக்கிறார்கள். இன்று ஏழாம் நாள். “பாட்டிலில் இன்னும் குமிழி வந்துகொண்டே இருக்கிறது. எக்ஸ்ரேவுக்கு அழைத்துப்போகும்போது ஊழியர் கிளாம்ப் போட்டுக் குழாயை அடைக்கிறார்; அண்ணனுக்கு அப்போது மூச்சு முட்டுகிறது. வாசலில் நிற்கும் ஒருவர், இத்தனை நாளாகியும் குமிழி நிற்கவில்லை என்றால் நுரையீரல் கிழிந்துவிட்டது, தனியாரிடம் மாற்றினால் ஒரே நாளில் சரியாகும் என்கிறார். மாற்றிவிடலாமா?” என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, நீங்கள் மருத்துவமனையை மாற்றுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் பதற்றத்தைத் தந்தது. குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயை அடைக்கக் கூடாது. எக்ஸ்ரேவுக்குப் போனாலும், கழிப்பறைக்குப் போனாலும், வேறு வார்டுக்கு மாற்றினாலும் அடைக்கக் கூடாது. இன்றைக்கே பணியில் இருக்கும் செவிலியரிடமும் மருத்துவரிடமும் இதைச் சொல்லி, “கிளாம்ப் போட வேண்டாம்” என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டின் உட்சுவருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் காற்று இருக்கவே கூடாது. காசநோய் ஆறிய இடத்தில் நுரையீரல் வடுப்பட்டு நைந்திருக்கும். அங்கே சிறு பொத்தல் விழுந்தால் மூச்சுக் காற்று அந்த இடைவெளிக்குள் கசிந்து, நுரையீரலை அமுக்கிச் சுருக்கிவிடும். விலாவில் போட்ட குழாய் அந்தக் காற்றை வெளியே விடும் வழி. பாட்டிலுக்குள் இறங்கும் நீண்ட குழாயின் நுனி தண்ணீருக்கு அடியில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். உள்ளிருந்து வரும் காற்று குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று தண்ணீரைத் தாண்டி உள்ளே போக முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் பியூலாவ் கையாண்ட இந்த எளிய ஏற்பாட்டைத்தான் இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறோம்.

ஆகவே குமிழி என்பது குழாய் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். பொத்தல் இன்னும் மூடவில்லை என்பதையும் அது சொல்கிறது. ஆனால் மூடாத பொத்தலிலிருந்து வரும் காற்று வெளியேறிவிடுகிறது என்பதுதான் அண்ணனைக் காப்பாற்றுகிறது. அந்த வழியை அடைத்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று உள்ளே சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அழுத்தம் ஏறி, இதயத்தையும் பெரிய இரத்தக் குழாய்களையும் மறுபக்கம் தள்ளி, இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். இதற்கு மணிக்கணக்கு வேண்டியதில்லை, சில நிமிடங்களே போதும். உங்கள் அண்ணனுக்கு மூச்சு முட்டியது அதன் தொடக்கம்தான்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் இதைக் கண்ணால் பார்த்தேன். இருபது வயதைத் தாண்டிய ஓர் இளைஞரை எக்ஸ்ரேவுக்கு அனுப்பும்போது குழாயில் கிளாம்ப் போட்டார்கள். திரும்பி வந்ததும் அதை எடுக்க ஒருவருக்கும் நினைவில்லை. நாற்பது படுக்கைக்கு நாங்கள் இரண்டு செவிலியர்கள். அது பணி மாறும் நேரம் வேறு. உதடு நீலம் பாய்ந்து, பேச முடியாமல் கையை அசைத்தவரைப் பக்கத்துப் படுக்கைக்காரர்தான் பார்த்துக் கூச்சலிட்டார். கிளாம்பை எடுத்ததும் பாட்டில் கொதிக்கிற உலைபோலக் குமிழியிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். அன்று முதல் நான் பயிற்றுவித்த ஒவ்வொரு மாணவியிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். இருந்தும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் உங்களைப் போன்றவர்களின் கடிதம் வருகிறது என்றால், ஊழியருக்கு முறையாகக் கற்றுத்தராமல் ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொல்லும் நிர்வாகத்தின் மீதுதான் எனக்குக் கோபம் வருகிறது, அந்த ஊழியரின் மீது வருவதில்லை.

அவர் ஏன் அடைக்கிறார் தெரியுமா? பாட்டில் தவறி உயரமாகப் போய்விட்டால் அதிலிருக்கும் தண்ணீர் நெஞ்சுக்குள் பாய்ந்துவிடும் என்ற அச்சத்தால்தான். அந்த அச்சம் நியாயமானது. அதற்குக் கிளாம்ப் தீர்வல்ல, பாட்டிலைத் தாழ்வாக வைப்பதே தீர்வு. பாட்டிலை ஸ்ட்ரெச்சரின் மேல், நோயாளியின் கால்களுக்கு நடுவே வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை அனுமதிக்காதீர்கள். பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்கு நன்கு கீழே, சாயாமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் நீங்களே இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள். அண்ணன் நடக்கக்கூடியவர் என்றால் பாட்டிலைத் தாழ்வாகப் பிடித்தபடி நடப்பது அவருக்கு நல்லதே. பாட்டில் மூடியில் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும் இன்னொரு சிறு குழாய் இருக்கும். தண்ணீர் சிந்துகிறதென்று அதைப் பஞ்சாலோ பிளாஸ்டராலோ மூடிவிட்டால், கிளாம்ப் போட்டதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கை விளக்கியாக வேண்டும். ஏனென்றால் நீங்கள் இதை வலியுறுத்தும்போது, “பக்கத்துப் படுக்கையில் டாக்டரே அடைக்கச் சொல்லியிருக்கிறாரே” என்று யாராவது கேட்பார்கள். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நெஞ்சில் சேர்ந்திருப்பது காற்றாக இல்லாமல் நீராக இருக்கக்கூடும். பல நாளாக நீர் தேங்கி அமுங்கிக் கிடந்த நுரையீரல், அந்த நீர் முழுவதையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டால், சட்டென்று விரிந்து, தானே நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இறங்கியதும், அல்லது அதற்கு முன்பே நெஞ்சு இறுக்கமோ விடாத இருமலோ வந்தால், மருத்துவர் குழாயைச் சிறிது நேரம் அடைத்துவைத்துப் பிறகு திறக்கச் சொல்வார். அங்கே உள்ளே புதிதாகக் காற்று சேரவில்லை. ஆகவே அடைப்பதால் அழுத்தம் ஏறாது. உங்கள் அண்ணனுக்கோ காற்று சேர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டு பேருக்கும் விலாவில் ஒரே மாதிரிக் குழாய், கட்டிலுக்கு அடியில் ஒரே மாதிரி பாட்டில். ஆனால் ஒருவருக்குச் செய்வதை மற்றவருக்குச் செய்யக் கூடாது. பாட்டிலைப் பாருங்கள்: குமிழி வந்தால் அடைக்கக் கூடாது, அவ்வளவுதான். பாட்டிலை மாற்றும் சில நொடிகள் செவிலியர் குழாயை மடித்துப் பிடிப்பார். அவர் கை அதிலேயே இருக்கும் என்பதால் அதற்கு அஞ்ச வேண்டாம்.

குமிழி திடீரென்று நின்றுவிட்டால் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். நீண்ட குழாயில் தண்ணீர் மட்டம் மூச்சோடு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மட்டம் அசைந்து, குமிழி மெல்ல மெல்லக் குறைந்து நின்றால் பொத்தல் மூடிவருகிறது என்று பொருள். குமிழியும் இல்லை, மட்டமும் அசையவில்லை என்றால் நுரையீரல் முழுமையாக விரிந்திருக்கலாம். குழாய் மடங்கியோ, அண்ணன் அதன் மேல் படுத்தோ, உள்ளே இரத்தக் கட்டி அடைத்தோ இருக்கலாம். எது என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். ஆனால் மடங்கியிருக்கிறதா என்று நீங்களே உடனே பார்த்துவிடலாம். அடைப்பை நீக்குகிறேன் என்று குழாயை அழுத்தி உருவுவது பழைய வழக்கம். உள்ளே கடுமையான உறிஞ்சலை உண்டாக்கும் என்பதால் கைவிடப்பட்டது. யாரும் அப்படி உருவ விடாதீர்கள்.

இனி வாசலில் நிற்பவருக்கு வருகிறேன். இளவயதில், வேறு நோயில்லாதவருக்கு நுரையீரல் சுருங்கினால் பொத்தல் பெரும்பாலும் சில நாட்களில் மூடிவிடும். வடு விழுந்த நுரையீரலில் கூடுதல் நாள் பிடிக்கும். பலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். ஆகவே ஏழாம் நாள் குமிழி வருவது எதிர்பாராத ஒன்றல்ல. இதை அறியாத குடும்பத்தின் பயமே அவருக்கு முதலீடு. அவர் பேசுவதற்குக் கூலியை உங்களிடமிருந்து வாங்கமாட்டார். கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் வாங்கிக்கொள்வார். “காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு ரூபாய் செலவில்லை” என்று அழைத்துப்போய், சேர்த்த பிறகு முன்பணம் கேட்டதால் நகையை அடகு வைத்த குடும்பங்களை நான் அறிவேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் கேளுங்கள். 104 எண்ணிலும் விசாரிக்கலாம். போகும் வழியில், குழாயைப் பற்றி ஏதும் அறியாதவர் ஓட்டும் வண்டியில், கிளாம்ப் போட்ட குழாயோடு இரண்டு மணி நேரம் பயணம் செய்வதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

அதற்காக வாய்மூடிக் காத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் கசிவு நீடித்தாலே நெஞ்சு அறுவை மருத்துவரின் கருத்தைக் கேட்பது முறை. பல நேரங்களில் நாமாகக் கேட்காமல் அது நடப்பதில்லை என்பதுதான் வேதனை. காலைச் சுற்றில் மருத்துவரிடம், “காற்றுக் கசிவு நீடிக்கிறதே, நெஞ்சு அறுவைப் பிரிவுக்குக் காட்டலாமா?” என்று கேளுங்கள். அங்கே அந்தப் பிரிவு இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித்தரச் சொல்லுங்கள். எழுத்து மூலமான பரிந்துரையும், கூட வரும் பயிற்சி பெற்ற ஆளும், 108 வண்டியும் இருந்தால் மாற்றுவதில் தவறில்லை. பழைய காசநோய் மீண்டிருக்கிறதா என்று சளியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணம் இல்லை.

சிலர் குழாயோடே வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லிக் கேட்கிறார்கள். அதற்கும் தரகர்கள் உண்டு. பாட்டிலை எடுத்துவிட்டுச் சிறுநீர்ப் பையை மாட்டி, “வீட்டுக்கு நர்ஸ் அனுப்புகிறோம்” என்று நாள் கணக்கில் பணம் வாங்குகிறார்கள். காற்றுப்போக்கு இல்லாத பை உப்பிவிட்டால் அதுவும் அடைப்புதான். மருத்துவரே ஒருவழி வால்வும் காற்றுப்போக்கு உள்ள பையும் பொருத்தி அனுப்பினால் அது வேறு. வீட்டுக்கு வருபவர் உண்மையிலேயே செவிலியர்தானா என்பதை அவருடைய தமிழ்நாடு செவிலியர் குழுமப் பதிவு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைச் சேலை மட்டும் சான்றாகாது.

அண்ணனுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அவரை இருமவும் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் வைப்பது. குழாய் போட்ட இடம் வலிப்பதால் நோயாளிகள் மூச்சை மேலாக விட்டுக்கொண்டு அசையாமல் கிடப்பார்கள். நுரையீரல் விரியாமல் போக அதுவே காரணமாகிவிடும். வலி மாத்திரையை வலி வந்தபின் கேட்டு வாங்காமல் நேரத்துக்கு வாங்கிக் கொடுங்கள். ஒரு தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். குழாய் இருக்கும் பக்கத்துத் தோளை மடக்கி வைத்தே பழகினால் இறுகிவிடும். நாளுக்குச் சில முறை கையை மேலே தூக்கி இறக்கச் சொல்லுங்கள். பீடி பிடிப்பவரானால், இன்றோடு விட வேண்டும்.

குழாய் பாட்டிலிலிருந்து கழன்றால், அல்லது பாட்டில் உடைந்தால், அடைக்காமல் குழாயின் முனையைச் சுத்தமான தண்ணீரோ சலைனோ உள்ள எந்தப் பாத்திரத்திலாவது அமிழ்த்தித் தாழ்வாகப் பிடித்தபடி செவிலியரைக் கூப்பிடுங்கள். குழாயே விலாவிலிருந்து உருவி வந்துவிட்டால் அந்தத் துளையைச் சுத்தமான துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு கூவுங்கள். அப்படி மூடிய பின் மூச்சுத் திணறல் கூடினால் துணியைச் சற்றுத் தூக்கிக் காற்றை வெளியே விடுங்கள். கழுத்தோ முகமோ உப்பி, தொட்டால் நறநறவென்றிருந்தாலும், நாடி வேகமாக ஓடி வியர்த்துக் கொட்டினாலும், மருத்துவர் சுற்றுக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

குமிழி நின்று ஒரு நாள் கழிந்து, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தால் குழாயை எடுப்பார்கள். மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லி, ஒரே இழுப்பில் எடுத்துக் கட்டுப்போடுவார்கள். எடுத்த பின் இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். வடு விழுந்த நுரையீரலில் இது திரும்பவும் வரக்கூடும் என்பதால், மூட்டை தூக்க எப்போது போகலாம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த எக்ஸ்ரேயையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். மறுபடியும் அதே குத்தல் வந்தால் வண்டியில் ஏறும்போது அவற்றை எடுத்துக்கொண்டு போங்கள்.